பட்லருக்குக் கை கொடுத்தவர்கள்

எங்கள் ஊரில் ஒருவன் சொன்ன வேலைக்கு வராமல் நழுவிவிட்டால் ‘சால்மெலா போட்டுட்டான்’ என்போம். கூரை மாற்ற வருகிறேன் என்று சொன்ன தச்சன் வராவிட்டால் சால்மெலா. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு மாப்பிள்ளை டொரன்டோவுக்கு பஸ் ஏறினால் அதுவும் சால்மெலா. தேவாலயம், மீன் ஷெட், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் புழங்கிய சொல். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னவள்தான். ரெய்னோ சால்மெலா பக்கத்து மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கி ஏரியில் எறியலாம் போலிருக்கிறது.

அந்தச் சொல் ரெய்னோவின் தாத்தா குஸ்தாவால் வந்தது. 1911 அக்டோபரில் ஆல்தியா என்ற உல்லாசப் படகு, சுப்பீரியர் ஏரியின் கனடாக் கரையில், எங்கள் ஹார்மா விரிகுடாவுக்கு வெளியே பாறையில் மோதி முழுகியது. படகு என்று சொன்னால் சின்னதாக நினைத்துக்கொள்வீர்கள். நூற்றெண்பது அடி நீளம். இரும்பு அடுப்பு செய்து விற்றுக் கொழுத்த ஒருவன் கட்டியது. அவனும் அவன் பெண்டாட்டியும் கோடை முழுக்க அதில் சுப்பீரியர் ஏரியைச் சுற்றித் தின்று தீர்த்துவிட்டு, குளிர் தட்டியதும் ரயிலேறிப் போய்விட்டார்கள். படகைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கிக் கட்டுவதற்காக ஆறு பேர் ஓட்டிப்போனார்கள். எங்கள் கரையோரப் பாறைகளுக்கு நடுவே வழி சொல்ல மீனவர் குஸ்தாவை ஏற்றிக்கொண்டார்கள். அவர் தன்னுடைய சின்னத் துடுப்புப் படகை அதன் பின்னால் கட்டிக்கொண்டு போனார். காற்று எழும்பியது, பாறை அடிவயிற்றைக் கிழித்தது. ஆறு பேரும் தப்பிக் கரைக்கு வந்தார்கள். குஸ்தா வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய துடுப்புப் படகு மட்டும் ஆளில்லாமல் அமெரிக்கக் கரையில் ஒதுங்கியது.

விசாரணையில் ஆல்தியாவின் கேப்டன், ‘மோதியதும் முதல் ஆளாக ஓடியது அந்த வழிகாட்டிதான்’ என்றான். பழியைப் போட ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? கடைசியாக வெளியே வந்தவன் உலையில் கரி அள்ளிப் போடுகிற வேலைக்காரன். எங்களைப் போல ஃபின்லாந்துக்காரன், இங்கிலீஷில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். அவன் எங்கள் பாஷையில் மூன்று வாக்கியம் சொன்னான். யாரோ ஒரு கடைக்காரன் அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தான்.

‘சால்மெலா கதவைத் திறந்தார். என்னைத் தள்ளினார். சால்மெலா போய்விட்டார்.’

அவ்வளவுதான். கரிக்காரன் அதற்குப் பிறகு தெற்கே ஏதோ சுரங்க வேலைக்குப் போனான், அவனை யாரும் பார்க்கவில்லை. அந்த மூன்று வாக்கியங்களையும் எங்கள் ஊர் மன்றத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். படிக்கத் தெரிந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் படித்தோம்: கதவைத் திறந்து, குறுக்கே நின்ற அந்தப் பாவியைத் தள்ளிவிட்டு, தன் படகை அவிழ்த்துக்கொண்டு அமெரிக்கக் கரைக்கு ஓடிவிட்டார். பெண்டாட்டியையும் மூன்று வயதுப் பிள்ளையையும் விட்டுவிட்டு.

அந்தப் பிள்ளைதான் ரெய்னோவின் அப்பா. அவர் அறுபது வருஷம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே வாழ்ந்து முடித்தார். ரெய்னோ வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புதான். வாத்தியார் வருவதற்கு முன்பே வந்து படிக்கட்டில் பனி வாரிப் போட்டுக்கொண்டிருப்பான். கல்யாணத்தன்று தேவாலயத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்து பாதிரியார் வீட்டு நாயோடு உட்கார்ந்திருந்தான். ஏழு மணி என்று அவன் சொன்னால் ஆறே முக்காலுக்குப் படகின் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அவன் ஏற்றிப்போன ஆட்கள் ஏரிக்குள் முழுகியிருக்கும் வரைக்கும் சுக்கானை விட்டு நகரமாட்டான். ஒன்றுக்குப் போவதற்கென்றே ஒரு காலி ஊறுகாய்ப் போத்தலைக் காலடியில் வைத்திருப்பான். மூடியை அவன் சரியாக மூடுவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவன் மனைவி லெம்பி நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் நாற்காலியை விட்டு எழாமல் பக்கத்திலேயே இருந்தான். பதினோராவது நாள் நர்ஸ் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினாள். அந்தப் பத்து நிமிஷத்தில் லெம்பி போய்விட்டாள். அடக்கத்துக்குப் பிறகு, ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டே ஒருவன் சொன்னான், “கடைசி நேரத்துல சால்மெலா போட்டுட்டான் பாரு.” யார் அந்த நாய் என்று கேட்காதீர்கள். என் தம்பிதான்.

ஆல்தியாவை 1979இல் கண்டுபிடித்தார்கள். இருநூற்றைம்பது அடி ஆழத்தில், கொஞ்சமும் சாயாமல், துறைமுகத்தில் கட்டிவைத்த மாதிரி நின்றிருந்தது. எங்கள் ஏரியின் அடித்தண்ணீர் கோடையிலும் ஐஸ்பெட்டிதான். உப்பு கிடையாது, மரத்தை அரிக்கிற புழு கிடையாது. அதனால் ஒன்றும் கெடுவதில்லை. அடுத்த வருஷத்திலிருந்து முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு முழுகுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். ரெய்னோவுக்கு மீன் வலையை விட்டுவிட்டு அவர்களை ஏற்றிப்போகிற தொழில் வந்தது. எனக்கு அறைகளும் சாப்பாடும் சவுனா என்கிற நீராவிக் குளியலும் கொடுக்கிற தொழில் வந்தது. ஊரில் பாதிப் பேர் அந்தப் படகின் புண்ணியத்தில்தான் சாப்பிட்டோம்.

நான் உள்ளே இறங்கியதில்லை. ஆனால் அவர்கள் எடுத்த வீடியோவை என் சாப்பாட்டு அறை டிவியில் நூறு தடவை பார்த்திருப்பேன். முதலில் விளக்கு வெளிச்சத்தில் முன்பக்கத்துத் தங்கப்பூச்சுக் கொடிகள் வரும். ஒரு இலை உதிர்ந்திருக்காது. பிறகு பெரிய அறை. பியானோ, அதன் மேல் உயரமான ஒரு வெண்கல விளக்கு, வெல்வெட் நாற்காலிகள். தட்டுகள் அடுக்கடுக்காக. ஒவ்வொன்றிலும் அடுப்புக்காரன் பெயரின் முதலெழுத்து. கார்க் கழற்றாத ஒயின். ஒரு கிளிக்கூண்டு. அதற்குள்ளே என்ன கிடந்தது என்று அவர்கள் ஒவ்வொரு தடவையும் கிட்டே போய்க் காட்டுவார்கள், நான் ஒவ்வொரு தடவையும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். ஆறு பேர் ஓட்டுகிற படகில் நாற்பது பேருக்கு வெள்ளிக் கரண்டி. அவர்களோ மீன் சூப்பை உறிஞ்சிக்கொண்டே ‘அடடா, அடடா’ என்பார்கள்.

பெரிய அறைக்குப் பின்னால் ஒரு குறுகலான நடை. பாத்திர அறைக்கும் கீழ்த்தளத்து ஏணிக்கும் நடுவில். அங்கேதான் ‘பட்லர்’ இருந்தார்.

ஒரு மனிதர். செத்தவர். அந்தக் குளிரில் உடம்பு அழுகவில்லை, கொழுப்பெல்லாம் இறுகி மெழுகும் சோப்பும் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது. கம்பளிச் சட்டை, தடித்த இடுப்பு வார். சுவரில் சாய்ந்து நிற்கிற மாதிரி, வலது கை கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றதால் ‘பட்லர்’ என்று பெயர் வைத்தார்கள். ஆறு பேரும்தான் தப்பிவிட்டார்களே, பின்னே இது யார் என்று ஒருவரும் துருவிக் கேட்கவில்லை. அடுப்புக்காரன் கணக்கில் காட்டாமல் வைத்திருந்த வேலைக்காரனாக இருக்கும் என்றார்கள். ஊரும் சரி என்றது.

கை நீண்டிருந்ததா, யாரோ ஒருவன் அதைப் பிடித்துக் குலுக்கினான். அடுத்தவன் பார்த்தான், அவனும் குலுக்கினான். அப்புறம் அதுவே சடங்காகிவிட்டது. பட்லருக்குக் கை கொடுத்தால்தான் ஆல்தியாவைப் பார்த்ததாகக் கணக்கு. ரெய்னோ கூட அவர்கள் குதிப்பதற்கு முன்னால், “பட்லரை நான் கேட்டதா சொல்லுங்க” என்று சொல்லி அனுப்புவான். எல்லோரும் சிரிப்பார்கள். அது அவனுடைய ஒரே ஜோக். பத்தொன்பது வருஷம் அதையே சொன்னான்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? வெள்ளைக் கை ஒன்றின் படம் போட்டு, ‘பட்லருக்குக் கை கொடுத்தேன்’ என்று எழுதிய டி-ஷர்ட் அடித்து விற்றேன். மூன்று நிறத்தில்.

அவர்களுடைய கையுறைகளை ரெய்னோ படகிலேயே ஒரு வாளியில் அலசிவிட்டு, நன்றாகத் துவைக்க என்னிடம் கொண்டுவந்து போடுவான். விரல் பக்கம் வழவழவென்று ஒரு வெள்ளைப் பிசுக்கு ஒட்டியிருக்கும். வெந்நீரில் போட்டால் மேலே ஏடு கட்டும். அது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தொட்டியைச் சாய்த்துவிட்டு அதே கையால் ரொட்டி மாவு பிசைந்திருக்கிறேன்.

1999 ஆகஸ்டில் டெரெக் என்று ஒருவன் தன் கூட்டத்தோடு வந்தான். பல் மருத்துவன். நாலு வருஷமாக வருகிறவன், ஒவ்வொரு தடவையும் என் சவுனாவில் துண்டைக் கீழே போட்டுவிட்டுப் போகிறவன். மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு சாமானை எடுத்து ரெய்னோவுக்கு முன்னால் மேசையில் வைத்தான்.

“கேப்டன், இதைப் பாத்தீங்களா? நேத்துக் கிடைச்சுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, உள்ள இருந்து ஒண்ணும் எடுக்கக் கூடாதாமே!”

ஒரு கத்தி. எங்கள் ஆட்கள் இடுப்பில் செருகுகிற கத்தி. அலகு துருவாகிப் போயிருந்தது. பூர்ஜ் மரப்பிடி மட்டும் நேற்றுச் செதுக்கியது போல இருந்தது. பிடியின் அடியில் ஒரு குறி சுட்டிருந்தது: நேராக ஒரு கோடு, அதன் தலையில் சாய்ந்த இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி.

எங்கள் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலிருந்து வருவது. கோடாரி, வலைக் கட்டை, படகு, சவுனாக் கரண்டி, எல்லாவற்றிலும் அதைத்தான் செதுக்குவோம். இந்தக் குறியை நான் தினமும் ரெய்னோவின் வலைக் கட்டைகளில் பார்க்கிறேன். அவன் வீட்டுக் கதவுநிலையில் இருக்கிறது. அவன் கையிலிருந்த காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

“இது எங்க இருந்துச்சு?” என்று கேட்டான்.

“பட்லர் இடுப்புலதான். வாரு லேசுல விடல கேப்டன், கொஞ்சம் இழுக்க வேண்டியதாப் போச்சு.”

“இது எங்க வீட்டுக் குறி.”

டெரெக் ஒரு நொடி முழித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“அட! அப்ப பட்லர் உங்க சொந்தக்காரரா? ஓடிப்போனாருன்னு சொல்ற உங்க தாத்தாவுக்கா நாலு வருஷமா கை குடுத்துட்டிருக்கேன்? டேய், கேமராவை எடுங்கடா! கேப்டன், கத்தியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிங்க!”

நான் பாய்ந்து கத்தியை எடுத்து என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். “பல்லைக் காட்டினது போதும். எழுந்திரிங்கடா எல்லாரும்” என்றேன்.

“ஏம்மா, அது நான் எடுத்தது” என்றான் டெரெக்.

“செத்தவன் இடுப்புல கை வச்சு எடுத்தது. வெக்கமா இல்ல?”

ரெய்னோ கோப்பையைக் கீழே வைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். “ஏழாகப் போகுது. எல்லாரும் படகுல ஏறுங்க” என்றான்.

வாசலில் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். “உனக்குப் பைத்தியமாடா? இவனுங்களை இன்னிக்கும் அங்க கூட்டிட்டுப் போறியா?”

“கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன் சிர்க்கா.”

“சொன்னா? உடம்பு சரியில்லன்னு சொல்லேன்! யாரு உன்னைத் தூக்குல போடப்போறா?”

“ஊரு என்ன சொல்லும்னு உனக்குத் தெரியாதா?” என்றான். அவனைத் தனியாக விட மனமில்லாமல், அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் படகில் ஏறினேன்.

அவர்கள் நாலு பேரும் உடையை மாட்டிக்கொண்டு உருளைகளைக் கட்டிக்கொண்டு படகின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். டெரெக் முகமூடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “கேப்டன், இன்னிக்கு என்ன சொல்லணும் அவர்கிட்ட?” என்று கேட்டான். கேலி கூட இல்லை அதில். நிஜமாகவே ஆசையாகக் கேட்டான்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த நடைக்குள்ள போகாதீங்க” என்றான் ரெய்னோ.

“சரி கேப்டன்” என்று குதித்தார்கள்.

கீழே இருபது நிமிஷம், மெல்ல மெல்ல மேலே வர இரண்டு மணி நேரம். ரெய்னோ சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். காற்றே இல்லை. நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

“‘சால்மெலா கதவைத் திறந்தார். என்னைத் தள்ளினார். சால்மெலா போய்விட்டார்.’ அந்தக் கரிக்காரன் நம்ம பாஷையிலதானே சொன்னான்?”

“ஆமா.”

“அப்ப கடைசில என்ன சொல்லியிருப்பான்? ‘சால்மெலா மெனி’ன்னு சொல்லியிருப்பான்.”

“ஆமா. மெனின்னா போயிட்டார். அதுக்கென்ன இப்ப?”

“லெம்பி செத்தன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து உனக்குப் போன் பண்ணினேனே. என்ன சொன்னேன்?”

அவன் சொன்னது எனக்கு நினைவிருந்தது. இரண்டே வார்த்தை. ‘லெம்பி மெனி.’ அவள் எங்கே ஓடிப்போனாள் என்று நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன்.

அவன் இப்போது என் பக்கம் திரும்பியிருந்தான். “கதவு இறுகியிருக்கு. கரிக்காரன் கீழ மாட்டிக்கிட்டான். இவர் வந்து கதவைத் திறந்தாரு. அவனை மேல தள்ளி விட்டாரு. அப்புறம் இவரு போயிட்டாரு. அவன் நன்றி சொல்லியிருக்கான் சிர்க்கா. நாம அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சு எண்பத்தெட்டு வருஷமாச் சிரிச்சிருக்கோம்.”

இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்த கடைக்காரனைக் குறை சொல்லவும் வழியில்லை. அவன் ஒரு சொல்லைக் கூட மாற்றவில்லை. எங்கள் வீடுகளில் ஒவ்வொரு சாவுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லி அழுதுகொண்டே, சுவரில் இருந்ததை மட்டும் வேறு மாதிரிப் படித்தவர்கள் நாங்கள்தான். ஊர் மேலும் என் மேலும் எனக்கு வந்த அருவருப்பு நாக்கில் துருவாகக் கசந்தது.

அவர்கள் மேலே வந்தார்கள். டெரெக் வாயிலிருந்து குழாயை எடுத்ததும் முதலில் சொன்னது: “கோவிச்சுக்காதீங்க கேப்டன், மனசு கேக்கல. கடைசியா ஒரு தடவை கை குடுத்துட்டு வந்துட்டேன்.”

ரெய்னோ கையுறைகளை வாங்கி, எப்போதும் போல வாளியில் போட்டு அலசினான். அந்த வெள்ளைப் பிசுக்கு தண்ணீரில் பிரிந்து சுற்றியது. எப்போதும் வாளியை வீசிக் கவிழ்ப்பவன் அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, படகின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். எங்கள் ஆட்கள் பிணத்தைச் சவுனாவில் குளிப்பாட்டும்போது அப்படித்தான் ஊற்றுவார்கள். நான் மறுபக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். டெரெக், “அலையே இல்லையே, உங்களுக்கா குமட்டுது?” என்றான்.

அடுத்த வாரம் ஊர் மன்றத்தில் கூட்டம். ரெய்னோ கேட்டது ஒன்றே ஒன்றுதான். செத்தவர் இன்னார் என்று சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால் அந்த இடத்தை மாகாணம் கல்லறையாக அறிவித்துவிடும். நடையின் இரு பக்கமும் இரும்பால் அடைத்து, முழுகுகிறவர்களைத் தடுத்துவிடுவார்கள். அதற்கு ஊர்க் கமிட்டியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

கமிட்டித் தலைவர் ஓலாவி தாடையைச் சொறிந்துகொண்டார். “ஒரு கத்தியை வச்சுக்கிட்டு எப்படிப்பா உறுதியாச் சொல்ல முடியும்? அந்த டெரெக்குக்குத் தெரிஞ்ச படக் கம்பெனிக்காரங்க வர்றாங்களாம். அவங்க உடம்பை மேல எடுத்துச் சோதிச்சு, உன் தாத்தாதான்னு உலகத்துக்கே காட்டுவாங்க. உன் குடும்பப் பேரு சுத்தமாயிடும். ஊருக்கும் பேரு வரும். நீ என்னடான்னா இடத்தையே மூடச் சொல்றே.”

“எடுத்துக் காட்டறதுன்னா? வெளிச்சத்துல போட்டு?” என்றான் ரெய்னோ.

“பின்ன இருட்டுலயா படம் எடுப்பாங்க?” யாரோ சிரித்தார்கள்.

“வேணாம். பேரு கிடக்கட்டும். எங்களுக்கு அது பழகிப்போச்சு. அவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது. எனக்கு அது போதும்.”

அப்போது நான் எழுந்தேன். அவனோடு படகில் போனவள், அவன் வாயால் கேட்டவள், வாந்தி எடுத்தவள். செப்டம்பர் கடைசி வரைக்கும் என் அறைகள் எல்லாவற்றுக்கும் ஆள் சொல்லிவைத்திருந்தார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் நான் இன்னும் கேவலமானவள்.

“ரெய்னோ, கோவிச்சுக்காதே. இத்தனை வருஷமா நின்னுக்கிட்டிருக்காரு. இந்த ஒரு சீசன் முடியட்டுமே. அதுக்குள்ள என்ன குறைஞ்சா போயிடுவாரு?”

ரெய்னோ என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. ‘நீயுமா’ என்கிற பார்வை கூட இல்லை. என்னிடம் அவன் வேறெதையும் எதிர்பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனான். மறுநாள் அவன் படகுத்துறைக்கு வரவில்லை. உருளைகளைக் கட்டிக்கொண்டு ஆறு பேர் காத்திருந்தார்கள். அவன் மாகாண அலுவலகம் இருக்கிற தண்டர் பேக்குப் போகிற பஸ்ஸில் இருந்தான், ஊர்க் கையெழுத்து இல்லாமலே தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பதற்கு. துறையில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்க் கையெழுத்து இல்லாததால் காகிதங்கள் மேசை மேசையாக நகர்ந்தன. ரெய்னோ படகை எடுக்க மறுத்துவிட்டான். பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் வந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் முழுகுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போனான். என் அறைகள் நிறைந்தன. மிச்சமிருந்த டி-ஷர்ட்டுகளும் போயின.

அக்டோபரில் போலீஸ் முழுகுநர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அந்த இடத்தில் காற்றின் போக்கு தெரியாது. ரெய்னோவைக் கேட்டார்கள், வந்தான். என்னையும் சூப்பு கொண்டுவரச் சொன்னார்கள். அவன் என்னோடு பேசவில்லை, இறங்கிப் போ என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் வேலை. இரும்புப் பலகைகளை இறக்கி, போல்ட் போட்டு நடையை அடைத்தார்கள். அடைப்பதற்கு முன்னால் உள்ளே போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தது மிஷோ என்ற பெண் கான்ஸ்டபிள். முப்பது வயது இருக்கும். மேலே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரெய்னோவுக்கு எதிரே வந்து நின்றாள்.

“முடிஞ்சுது சார். இனிமே யாராலயும் உள்ள போக முடியாது.”

“எப்படி இருக்காரு?”

“அமைதியா இருக்காரு. முகம் அப்படியே இருக்கு. உங்க நெத்தி மாதிரியே இருக்கு சார்.”

“கை?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சூப்புப் பாத்திரத்தைப் பார்த்தேன்.

“குறிப்புல எழுதித்தான் ஆகணும், அதனால சொல்றேன். இடது கை முழுசா இருக்கு. வலது கை மணிக்கட்டோட நின்னுடுது. கீழ எங்கயாவது விழுந்திருக்கான்னு நல்லாத் தேடினேன் சார். இல்ல. அது உடைஞ்ச மாதிரியும் இல்ல.” கொஞ்சம் தயங்கினாள். “தேஞ்ச மாதிரி இருக்கு.”

ரெய்னோ தலையை ஆட்டினான். ஏதோ படகுச் சாமான் தேய்ந்துவிட்டது என்று கேட்டவனைப் போல, இரண்டு மூன்று தடவை ஆட்டினான்.

துறைக்கு வந்து சேர்ந்தோம். சாமான்களை எல்லாம் இறக்கிய பிறகு அந்தப் பெண் திரும்பி வந்தாள். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். “வர்றேன் சார். உங்க தாத்தாவுக்காக வருத்தப்படறேன்” என்று சொல்லிவிட்டு, வலது கையை அவனிடம் நீட்டினாள்.

ரெய்னோ அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் முகம் சட்டென்று சிவந்தது, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“உங்க மேல ஒண்ணுமில்லம்மா” என்றான் அவன். “அத்தனை பேரையும் அவர்கிட்டக் கூட்டிட்டு வந்தவன் நான்.”

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.